சின்னக் காரும் முட்டைக் கேம்பரும்

1. முதல் நாள்

டிரெய்லர் யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கார் டோ டிரக்கில் ஏறி வந்தது. பின்பக்கம் குந்திப்போய், பம்பர் பிய்ந்து, டிரெய்லரைக் கொழுவுகிற ஹிட்ச் பூட்டியிருந்த இடத்தில் தகரம் கிழிந்திருந்தது. அந்தக் கார் இழுத்துப்போன கேம்பர் நெடுஞ்சாலைக் கரையில் சரிந்து கிடக்கிறது என்றார்கள். ஓட்டி வந்த மனிதர் ஆபீஸ் கதிரையில் இருந்து கோப்பி குடித்தார். மனைவி தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தா.

நான் திருகோணமலைக்காரி. மொன்றியலுக்கு வந்து தையல் ஃபாக்டரி, டெப்பனோர் என்கிற மூலைக்கடையின் கல்லாப்பெட்டி, ஒரு கராஜின் ஆபீஸ் என்று சுற்றி, மேற்குப் பக்கத்துப் பாலத்துக்கு அங்காலே இருந்த இந்த யார்டுக்குத் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு வந்தவள். கேம்பர் என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு வீட்டை இழுத்துக்கொண்டு திரிவது விசர் வேலை என்றே நினைத்தேன்.

எங்கள் முதலாளி மார்செல் அந்தக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பிரெஞ்சில் சொன்னார்: "நல்லாப் பார்த்துக்கொள். இங்க வாற சனம் மூண்டு விசயத்தில பொய் சொல்லும். தன்ர நிறை, மனிசியின்ர நிறை, கொண்டுபோற சாமான்ர நிறை. நீ ஒண்டையும் நம்பாத. நிறுத்துப் பார்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நானும் அதையேதான் சொல்வேன். விளம்பரத்தில் போட்டிருப்பது வெறும் கூட்டின் எடை. உள்ளே ஒரு கரண்டிகூட இல்லாத எடை. தண்ணீர், காஸ் சிலிண்டர், பாட்டரி, அரிசி, போர்வை எல்லாம் ஏறியபின் இருப்பதுதான் கார் இழுக்கப்போகிற எடை. அடுத்தது கேம்பரின் மூக்கு ஹிட்ச்சில் அழுத்துகிற எடை. அது கூடினால் காரின் பின்பக்கம் குந்தும். குறைந்தால் கேம்பர் ரோட்டில் வாலாட்டும். அந்த வாலாட்டம் தொடங்கினால் பிரேக் பிடித்தும் நிறுத்த ஏலாது. கடைசியாக, காருக்குள் இருக்கிற ஆட்களின் எடை. கார் சுமக்கிற மொத்தத்தில் ஆட்களும் சேர்த்தி என்பதைச் சனம் மறந்துவிடும். சின்னக் கார் என்றால் இந்த மூன்றும்தான் உயிர்.

நான் கெதியாகப் படித்துக்கொண்டேன். தொலைபேசியிலிருந்து பார்ட்ஸ் கவுண்டருக்கும், அங்கிருந்து விற்பனைக்கும் போனேன். யார்டில் ஒரே தமிழாள் என்றபடியால் தமிழ்ச் சனம் எல்லாம் என் தலையில்தான் விழுந்தது.

2. கிடாரம் வைக்க இடமிருக்கோ?

எங்கட ஆட்கள் கேம்பர் வாங்க வந்தால் இரண்டு பேருக்கு ஏழு பேர் வருவார்கள். வாங்குகிறவர் வாய் திறக்கமாட்டார். மச்சான் கதைப்பார், சகலன் கதைப்பார். பெண்கள் உள்ளே ஏறி எல்லாத் தட்டையும் திறந்து மூடுவார்கள்.

"அடுப்பு சின்னனாக் கிடக்கு அக்கா. பெரிய கிடாரம் வைக்க இடமிருக்கோ?"

"காட்டுக்குள்ள கிடாரத்தில ஆருக்குச் சமைக்கப் போறியள்?"

"எல்லாருக்கும்தான். டொரொண்டோவில இருந்து அண்ணையாக்களும் வருவினம்."

அரிசி மூட்டை, இடியப்பத் தட்டு, வறுத்த மிளகாய்த்தூள் போத்தல், ஐஸ் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி. எல்லாவற்றையும் கேம்பரின் பின் மூலையில் அடுக்குவார்கள், ஏனென்றால் கதவு அங்கேதான் இருக்கும். பின்பாரம் கூடினால் மூக்கு எழும்பும், மூக்கு எழும்பினால் வாலாட்டம். எத்தனை பேரை நான் யார்டுத் தராசில் ஏற்றி, எல்லாவற்றையும் இறக்கவைத்து, சில்லின் அச்சுக்கு மேலே மாற்றி அடுக்க வைத்திருக்கிறேன். "இந்த மனிசி எங்களைக் கஸ்டம்ஸ் மாதிரி நிப்பாட்டுது" என்று ஏசிவிட்டுப் போவார்கள். ஏசட்டும். உயிரோடு திரும்பிவந்து ஏசுகிறார்கள்தானே.

நான் சொல்லப்போவது இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி அல்ல. கூட்டம் வேண்டாம் என்று வந்த ஒரு மனுசியைப் பற்றி.

3. கருணாகரன் தனியே வந்தார்

ஆவணி முடிகிற நேரம். லாசாலில் அப்பார்ட்மென்ட், பெட்டி மடிக்கும் ஃபாக்டரியில் வேலை, ஒரு சின்னக் கார். இதுதான் கருணாகரன். ஐம்பது தாண்டிய ஆள். தனியே வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"அக்கா, இந்தக் கார் இழுக்கக்கூடினதா ஒண்டு வேணும். பாரமில்லாமல். உள்ளுக்க டொய்லெட் கட்டாயம் இருக்கோணும்."

காரின் கையேட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டாயிரம் இறாத்தல், கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் கிலோ வரை இழுக்கலாம் என்றிருந்தது. சில சின்னக் கார்களுக்கு இழுக்கவே கூடாது என்றிருக்கும். இவருக்கு அந்த மட்டில் அதிர்ஷ்டம். ஆனால் டொய்லெட்டும் வேண்டும், பாரமும் இருக்கக்கூடாது என்றால் தெரிவு சுருங்கிவிடும். மடித்து விரிக்கிற கூடாரக் கேம்பர் லேசு, ஆனால் குனிந்து நிமிர்ந்து விரிக்க வேண்டும். கண்ணீர்த்துளி வடிவில் வருவது இன்னும் லேசு, உள்ளே படுக்கலாம், நிற்க முடியாது.

"டொய்லெட் ஏன் அவ்வளவு முக்கியம்?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். மனைவி வதனிக்கு வயிற்றில் வருத்தம். வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், பிறகு இனி ஏற்றிப் பலனில்லை என்றுவிட்டார்கள். குளிர்காலம் தாண்டுவது கடினம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

"அவவுக்குத் தெரியாது அக்கா. 'என்ன எண்டாலும் இவரோட கதையுங்கோ, எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம்' எண்டு அவவே டொக்டரிட்டச் சொல்லிப்போட்டா. எனக்கும் அவவின்ர அண்ணைக்கும்தான் தெரியும். நீங்களும் தெரிஞ்சமாதிரிக் காட்டாதேங்கோ."

"அவ எங்க வேலை செய்தவ?"

"கோட்-டெ-நெய்ஜில ஆஸ்பத்திரியில. வருத்தக்காரரைக் கழுவித் துடைச்சு, தூக்கி இருத்திற வேலை."

அந்த வேலை செய்த மனுசிக்குத் தெரியாது என்று இந்த மனிதன் நம்புகிறாரே என்று எனக்கு அந்த இடத்திலேயே மனம் கனத்தது. அடுத்தமுறை அவவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், படுக்கிற ஆள் படுத்துப் பார்க்காமல் நான் விற்கமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

4. நிறை

வதனி வந்தபோது தலையில் ஒரு நீலச் சால்வை கட்டியிருந்தா. மெலிந்த முகம், பெரிய கண், சிரித்த வாய். "பொன்ஜூர் அக்கா" என்று சொல்லிக்கொண்டு கதிரையைப் பிடித்து மெல்ல இருந்தா. நான் வழக்கமான கணக்கை எடுத்தேன். கார் சுமக்கக்கூடியது இவ்வளவு, மூக்குப் பாரம் இவ்வளவு, மிச்சம் ஆட்களுக்கும் சாமானுக்கும்.

"அண்ணை, உங்கட நிறை?"

"எழுபத்தெட்டு கிலோ."

"அக்காவின்ர?"

"அறுபத்தி ரெண்டு" என்றார் கருணாகரன், அவ வாய் திறக்கும் முன்.

"நாப்பத்தி ஒண்டு" என்றா வதனி.

கருணாகரன் அவவைப் பார்த்தார். அந்த எண்ணை அவர் அதுவரை கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. கூடவே ஒரே வீட்டில் இருக்கிற மனிதன், அவவைப் பிடித்துக் குளிக்க வைக்கிற மனிதன், கேட்காமலே இருந்திருக்கிறார்.

"அது இப்பத்தைய நிறைதானே. இனித் தேறிடுவா" என்று என்னிடம் சொன்னார். "அறுபத்தி ரெண்டு எண்டே போடுங்கோ அக்கா. பேந்தும், வாற வரியமும் பாவிக்கிற சாமான்தானே."

வதனி தலையாட்டினா. "ஓம், அப்பிடியே போடுங்கோ. நான் நல்லாச் சாப்பிடத் தொடங்கினா எண்டு வையுங்கோ, இவற்ற காரே என்னைத் தாங்கக் காணாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அறுபத்திரண்டு என்று போட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் நிறையைக் கூட்டிச் சொன்ன வாடிக்கையாளரை நான் கண்டது அன்றுதான்.

பிறகு யார்டுக்குள் போனோம். கருணாகரனுக்குப் பிடித்தது பதினெட்டு அடி நீளக் கேம்பர். தனி அறை, அகலக் கட்டில், ஆறு பேர் இருந்து சாப்பிட மேசை. வெறும் கூடே மூவாயிரம் இறாத்தலுக்குக் கிட்ட. "இந்தக் காரால இதை யார்டு வாசலைக்கூடத் தாண்ட வைக்கேலாது" என்றேன். அவர் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

வதனி அதைத் தாண்டிப்போய் மூலையில் நின்ற முட்டைக்குள் ஏறினா. ஃபைபர் கிளாஸில் செய்த பழைய மொடல், உருண்டையாக இருப்பதால் யார்டில் முட்டை என்போம். பாவித்தது, ஆனால் ஒழுக்கு இல்லை. எல்லாம் ஏற்றினாலும் ஆயிரத்தைந்நூறு இறாத்தலுக்கு மேல் போகாது. அவ கட்டிலில் இருந்து பார்த்தா. எழுந்து அலமாரி விளிம்பைப் பிடித்தா. ஒரு அடி வைத்ததும் டொய்லெட் கதவு கைக்கு எட்டியது. திரும்பி வந்து இருந்தா. பிறகு இன்னொரு தரம் செய்து பார்த்தா. நோயாளிகளைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்ப் பழகிய ஆள் செய்கிற சோதனை அது.

"எங்கள் ரெண்டு பேருக்கும் இது காணும்" என்றா.

"வாற வரியம் எல்லாருமாப் போகேக்க இது காணாதே வதனி" என்றார் கருணாகரன்.

அவ ஒரு கணம் அவரைப் பார்த்தா. "ஓம், அதுவும் சரிதான்" என்றா.

எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது. வதனியின் அண்ணையோடு கதைத்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

5. முட்டைக்குள் ஒரு மத்தியானம்

அடுத்த கிழமை வதனி தனியே வந்தா. மெட்ரோ, பிறகு இரண்டு பஸ், பிறகு நெடுஞ்சாலைக் கரையால் நடை. வாசலில் நின்று மூச்சு வாங்கினா. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அக்கா, அதுக்குள்ள கொஞ்ச நேரம் படுக்கலாமோ?"

பூட்டைத் திறந்து, ஷோரூமில் இருந்த ஒரு போர்வையை விரித்துக் கொடுத்தேன். சாய்ந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் தேத்தண்ணி கொண்டுவந்து வாசல் படியில் இருந்தேன்.

"அவர் உங்களிட்டச் சொல்லியிருப்பார்" என்றா.

நான் எழும்பி உள்ளே இருந்த மேசையைத் துடைத்தேன்.

"நீங்கள் துடைக்கிறதிலயே தெரியுது. எனக்குத் தொடக்கத்திலேயே தெரியும் அக்கா. நான் எத்தினை பேரைக் கழுவி, உடுப்பு மாத்தி, கண்ணை மூடி விட்டனான். முதல் எது போகும், அடுத்தது எது போகும் எண்டு எனக்கு ஒரு டொக்டரும் சொல்லத் தேவையில்லை."

"அப்ப ஏன் அவரோட கதைக்கச் சொன்னனீங்கள்?"

"அவருக்கு ஏதாவது செய்யக் கிடைக்கட்டும் எண்டுதான். எனக்கு மறைக்கிறதில அவர் பிசியா இருக்கிறார். அது அவருக்கு ஒரு பிடி."

"அவரிட்டச் சொல்லுங்கோவன். ரெண்டு பேருமாக் கதைச்சா ஆறுதலா இருக்குமே."

"சொன்னா அழத் தொடங்குவார். பேந்து நான் எழும்பி அவரைத் தேத்தவேணும். எனக்கு அதுக்குச் சத்தியில்லை அக்கா."

தேத்தண்ணியை நீட்டினேன். இரண்டு வாய் குடித்தா.

"ஒவ்வொரு நாளும் சனம் வருது. ஃபிளாஸ்கில சூப்பு. கட்டில் கரையில இருந்து என்னையே பாக்கினம். வெளியால போய்க் கொரிடோரில அழுகினம், அது எனக்குக் கேக்கும். அண்ணை ஒவ்வொரு கோயிலாப் போய் அர்ச்சனை செய்து கொண்டுவாறார். எல்லாரும் நல்ல சனம்தான். எனக்கு போன் பிடிக்காத இடமா ஒண்டு வேணும். ஒருத்தரும் என்னை வந்து பாக்கேலாத இடம். அவரும் நானும், ஒரு அடுப்பும். அவ்வளவும்தான். அவர் பெருசு வேணும் எண்டு நிக்கிறார். சின்னனை வாங்கினா, இனி வாற வரியம் இல்லை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும் எண்டு அவருக்குப் பயம்."

"உங்களுக்கு?"

"நான் சின்னன்தான் வேணும் எண்டு அடம்பிடிச்சா, எனக்குத் தெரியும் எண்டு அவருக்கு விளங்கிப்போயிடும்."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக் காப்பாற்றியே இருக்கிற நாளைத் தின்றுகொண்டிருந்தார்கள். ஐப்பசியோடு காட்டுப் பக்கத்துக் கேம்ப் எல்லாம் பூட்டிவிடும். அதற்குப் பிறகு போக இடமில்லை.

"நான் உயிரோட இருக்கேக்க அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தா. அந்தக் கையில் எலும்புதான் இருந்தது. சொல்லமாட்டேன் என்றேன். சரியோ பிழையோ என்று என்னைக் கேட்காதீர்கள். சாகப்போகிற மனுசி கையைப் பிடித்துக் கேட்டால் வேறென்ன சொல்வது?

அதன்பிறகு அவ அங்கேயே நித்திரையாகிப்போனா. மார்செல் வந்து எட்டிப் பார்த்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அன்று முட்டையைப் பார்க்கவந்த ஒரு சோடியை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

6. நான் சொன்ன பொய்

சனிக்கிழமை மூன்று பேராக வந்தார்கள். கருணாகரன், வதனி, அவவின் அண்ணன் சிறீ. சிறீ அண்ணை கர்க்லாண்டில் பெரிய வீடும் பெரிய வானும் உள்ள ஆள். வந்ததும் முட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இதென்ன கோழிக்கூடு? இதுக்குள்ள ஆர் படுக்கிறது?"

பிறகு பதினெட்டு அடிக்காரனைச் சுற்றி வந்தார். "இதுதான் சரி. என்ர வான் இழுக்கும். இப்ப குளிர் வரப்போகுது. சித்திரையில எடுப்பம். பிள்ளையளுக்கும் லீவு வரும், எல்லாருமாப் போவம். தங்கச்சியும் அதுக்குள்ள நல்லாத் தேறிடுவாள். என்ன வதனி?"

"ஓம் அண்ணை" என்றா வதனி.

கருணாகரன் நிலத்தைப் பார்த்தார். சித்திரை வரை வதனி இருக்கமாட்டா என்று அங்கே நின்ற நான்கு பேருக்கும் தெரியும்.

நான் சிறீ அண்ணையை ஒரு கரைக்குக் கூப்பிட்டேன். "அண்ணை, சித்திரை வரைக்கும் பொறுக்கலாமோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. கெட்ட மனிதர் அல்ல. "எனக்குத் தெரியாதா? இப்ப விழுந்தடிச்சு வாங்கினா, என்ன அவசரம் எண்டு அவள் யோசிப்பாள். அந்த யோசினையே அவளைக் கொண்டுபோடும். சித்திரை எண்டு சொன்னாத்தான் சித்திரை வரைக்கும் இருக்கோணும் எண்டு மனம் நினைக்கும். அதோட, தனியக் காட்டுக்க விட்டு ஏதும் நடந்தா சனம் என்ன சொல்லும்?"

விற்பனை வேலையில் நான் அருவருக்கிற ஒரு பொய் இருக்கிறது. 'இதை இன்னொரு ஆள் கேட்டிருக்கிறார், நாளைக்கு வந்து எடுப்பார்' என்பது. மார்செல் அதைத் தினமும் சொல்வார். நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்கிற பெடியன்களையும் ஏசியிருக்கிறேன். அன்று நான் திரும்பிப்போய், எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:

"முட்டை வேணுமெண்டா இண்டைக்கே சொல்லவேணும். வயசான ஒரு சோடி கேட்டு வைச்சிருக்கு. திங்கள் வருகினம். இந்த எடையில டொய்லெட்டோட பேந்து கிடைக்கிறது கஸ்டம்."

கருணாகரன் நிமிர்ந்தார். வதனி என்னைப் பார்த்தா. ஒரு நொடிதான். நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டா.

"ஐயோ, போனாக் கிடைக்காதே! அண்ணை, பெருசைச் சித்திரையில எடுங்கோ, எல்லாருமாப் போவம். இதைச் சும்மா பழகிப் பாக்கிறதுக்கு எடுப்பமே? இவருக்கும் இழுத்துப் பழக்கமில்லைத்தானே."

"பழகிப் பாக்கிறதுக்கு" என்று கருணாகரன் உடனே திருப்பிச் சொன்னார். "ஓம் மச்சான். பழகத்தானே வேணும்."

அவசரத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அது வருத்தம் இல்லை, ஒரு கிழவனும் கிழவியும். சிறீ அண்ணைக்கு மறுக்க வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டு வானில் போய் ஏறினார்.

7. போனது

எங்கள் கராஜில் காருக்கு ஹிட்ச் பூட்டி, லைட்டுக்கு வயர் இழுத்து, அகலக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தோம். ஒப்படைக்கிற அன்று கருணாகரனுக்கு எல்லாம் காட்டினேன். கொழுவுவது, பூட்டுவது, சங்கிலியைக் கீழால் குறுக்காகப் போடுவது, லைட்டைச் சரிபார்ப்பது. அவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். வதனி வெயிலில் ஒரு கதிரையில் இருந்து, "பின்லைட் எரியுது, வலது எரியுது" என்று கைகாட்டினா.

தராசில் ஏற்றினேன். இரண்டு கோப்பை, ஒரு சின்னச் சட்டி, அரிசி கொஞ்சம், மருந்துப் பெட்டி, தலையணைகள். அளவுக்கு எவ்வளவோ கீழே நின்றது. என் அனுபவத்தில் இவ்வளவு குறைவாக ஏற்றிப்போன தமிழ்க் குடும்பம் வேறில்லை. வதனி கண்ணாடியை இறக்கி "மெர்சி அக்கா" என்றா. கார் யார்டு வாசலில் மெதுவாகத் திரும்பியது. முட்டை பின்னால் ஒழுங்காகப் போனது. நான் அழுதேன் என்பதைச் சொல்லுவதில் எனக்கு வெட்கமில்லை.

நாலைந்து நாளுக்குப் பிறகு சிறீ அண்ணை யார்டுக்கு வந்தார். தாடி வழிக்காத முகம். ஷோரூமில் ஆட்கள் நின்றார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"நீங்கள் அவசரப்படுத்தி வித்தபடியாத்தான்! போன்கூட இல்லாத காட்டுக்க, ஒரு பெட்டிக்க செத்துப்போனாள் என்ர தங்கச்சி. எங்கட ஆக்கள் ஒருத்தர் பக்கத்தில இல்லை. வாயில தண்ணி விட ஒரு சொந்தம் இல்லை!"

மார்செல் ஓடிவந்தார். "என்ன, கேம்பரில் ஏதும் பிழையா? பிரேக்கா?" என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை. கேம்பர் சரியாகத்தான் இருந்தது" என்றேன்.

சிறீ அண்ணை கதிரையில் விழுந்து அழுதார். அவர் ஏசியது எனக்கு நோகவில்லை. அவர் தங்கச்சியைப் பறிகொடுத்தவர். கருணாகரனுக்கு என்ன ஏச்சு விழுந்திருக்கும் என்று நினைத்தபோதுதான் நொந்தது. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடியும் வரை சனம் அந்த மனிதனைச் சும்மா விட்டிருக்காது.

8. வரைபடம்

யார்டு குளிர்காலத்துக்குப் பூட்டப்போகிற நேரம் கருணாகரன் வந்தார். முட்டையை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே கழுவித் துடைத்து, போர்வை மடித்து வைத்திருந்தார். விற்றுத் தருவீர்களா என்று கேட்டார். படியில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மத்தியானம் படுத்தவ. நித்திரை எண்டுதான் நினைச்சன். கேம்ப் ஆபீசுக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர..." என்று நிறுத்தினார். பிறகு, "சனம் சொல்லுது, நான் அவவை ஏமாத்திக் கொண்டுபோனனான் எண்டு. தெரிஞ்சிருந்தா அவ வீட்டில, தன்ர ஆக்களுக்கு நடுவில இருந்திருப்பா எண்டு. அக்கா, நீங்கள் வெளியாள். எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நான் அவவுக்கு அநியாயம் செய்துபோட்டனோ?"

வதனி வாக்குக் கேட்டது, தான் உயிரோடு இருக்கும்வரைக்கும்தான். நான் சொன்னேன். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் தனியே வந்தது, இதே கட்டிலில் படுத்தது, தொடக்கத்திலேயே தெரியும் என்றது, போன் பிடிக்காத இடம் வேண்டும் என்றது, எல்லாம் சொன்னேன். கிழவனும் கிழவியும் பொய் என்றும் சொன்னேன். "அவ தெரிஞ்சுதான் வந்தவ. அவ கேட்டதைத்தான் நீங்கள் குடுத்தனீங்கள்" என்றேன்.

அவர் தோளில் இருந்த பாரம் இறங்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் இறங்கியதுதான். நீண்டதொரு மூச்சு விட்டார். ஆனால் பிறகு அவர் முகம் வேறு மாதிரிப் போனது.

"அண்டைக்குக் காலமை நல்லா இருந்தவ. தேத்தண்ணி கேட்டுக் குடிச்சவ. பேந்து, 'வாற வரியம் எங்க போவம்?' எண்டு கேட்டா. நான் வரைபடத்தை எடுத்து மேசையில விரிச்சன். கடல் பக்கம் ஒரு இடம் காட்டினன். 'அங்க குளிர் கூடவா இருக்கும், ஜூலையில போவம்' எண்டா. நான் பென்சிலால வட்டம் போட்டன். அவ இன்னொரு இடம் காட்டினா. அதுக்கும் போட்டன். எவ்வளவு நேரம் அப்பிடி இருந்தனாங்கள் எண்டு நினைக்கிறியள்? நான் அவவுக்காகப் போட்டன் அக்கா. இப்ப நீங்கள் சொல்லுறியள், அவ எனக்காகக் காட்டினவ எண்டு."

அவர் முட்டைக்குள் இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருக்கா, ஒரே ஒருக்கா, 'வதனி, நீ போகப்போறாய், எனக்குப் பயமாக் கிடக்கு' எண்டு சொல்லியிருந்தா..." என்றார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். யார்டில் பெடியன்கள் டிரெய்லர்களுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் எழும்பும்வரை அந்தப் படியிலேயே இருந்தேன்.

அதற்குப் பிறகும் சில வருடம் நான் அந்த வேலை செய்தேன். வருத்தக்காரர் என்று தெரிந்து யாராவது சோடியாக வந்தால், கூட வந்த சொந்தக்காரரை ஆபீசில் இருத்திக் கோப்பி கொடுப்பேன். காரின் கையேடு, எடை, மூக்குப் பாரம் எல்லாம் பிறகு. முதலில் அந்த இரண்டு பேரையும் மாத்திரம் ஒரு கேம்பருக்குள் ஏற்றி, கட்டிலைக் காட்டி, "இதில இருந்து கதைச்சுப் பாருங்கோ" என்று சொல்லிக் கதவை வெளியிலிருந்து சாத்திவிடுவேன். சிலர் கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சிலரின் அழுகை வெளியே கேட்கும். எந்த வாடிக்கையாளர் காத்துக்கொண்டு நின்றாலும், மார்செல் எவ்வளவு கத்தினாலும், அவர்களாகத் திறக்கும்வரை நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை. நீங்களும் தட்டாதீர்கள்.